அகலம் என்ற கட்டம்

படிவம் ஏழில்
ஓடையின் அகலம் எழுத ஒரே ஒரு கட்டம்.
பன்னிரண்டு மீட்டர் என்று எழுதியிருந்தேன்.
பங்குனி நண்பகல்.
சாத்தையா டேப்பின் நுனியைப் பிடித்தபடி
செருப்பு நனையாமல் அக்கரை போனார்.

தேவிபட்டினம் சாலை நான்கு வழியாகப் போகிறது.
சாலைக்கு முன்பே மனைகள் வந்துவிட்டன:
வெள்ளைக் கல், சிவப்புக் கொடி,
‘கடற்காற்று நகர், இரண்டாம் பகுதி’ என்று ஒரு வளைவு.
உள்ளே இன்னும் வீடு இல்லை.
உமரி மட்டும் வெயிலில் சிவந்து கிடக்கிறது.

என் வேலை வண்ணம் தீட்டுவது.
குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம்,
விட்டுவைக்க வேண்டியதற்குப் பச்சை.
எங்கள் அலுவலகத்தில்
கடைசிவரை நீளமாக இருப்பது பச்சைப் பென்சில்தான்.

ஐப்பசியில் கருத்துக்கேட்பு,
பள்ளியின் சத்துணவுக் கூடத்தில்.
ஒரு மின்விசிறி. நாற்பது பேர்.
நயினார் மைதீன் முதலில் எழுந்தார்.
“சாலை வேணும். வேணாம்னு யாரும் சொல்லாதீங்க.
குழாய்ப் பாலத்துல ஆம்புலன்ஸ் மாட்டுன ராத்திரி
எம் மக வண்டிக்குள்ளயே பெத்தா.
பேரனுக்கு இப்ப மூணு வயசு.
பிழைச்சுக்கிட்டான்.
எல்லாப் புள்ளையும் பிழைக்குமா?”
யாரும் பேசவில்லை.
நான் குறிப்பெடுத்தேன்: சாலை, ஆதரவு.

பிறகு கித்தேரி.
நண்டு பிடிக்கிறவர், நகக்கண்ணில் சேறு.
வரைபடத்தை விரலால் தடவிப் பார்த்தார்,
துணிக்கடையில் சேலைக் கரையைப் பார்ப்பதுபோல.
“இது ஏத்தத்துல அளந்ததா, வத்தத்துல அளந்ததா?”

திட்ட அறிக்கை நூற்றுப் பதினான்கு பக்கம்,
இணைப்பு மூன்று.
எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

“வாடை கடலைத் தள்ளிக்கிட்டு வரும்,
அப்ப வாங்க” என்றார்.

கார்த்திகைப் பௌர்ணமி இரவு போனோம்.
சாத்தையா கைலியை மடித்துக் கட்டியிருந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் மடவைக் குஞ்சுகள் தெறித்தன.
ஓடை சத்தமே போடவில்லை.
கண்டல் வேர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு
சொந்த வீட்டில்
விளக்குப் போடாமல் நடக்கிறவரைப் போல வந்தது.
மூன்று குழாயில் ஒன்று அடைத்திருந்தது.
மற்ற இரண்டும் திணறின.
தார் விளிம்பு கரையும் ஓசை, சோறு கொதிப்பது மாதிரி.

மனைக்கற்களைத் தாண்டினோம்.
பதினெட்டு. பத்தொன்பது. இருபது.
தண்ணீர் கணுக்காலுக்கு, பிறகு முழங்காலுக்கு.
ஐம்பது மீட்டர் டேப் தீர்ந்தது.
“இன்னும் போவுது மேடம்” என்று கத்தினார்.
மிச்சத்தைக் காலடியால் எண்ணினார்.
அறுபத்தொன்று.

இருபத்து மூன்றாம் கல்லில்
ஒரு நண்டு ஏறி உட்கார்ந்திருந்தது.
இருபத்து மூன்று என்னுடையது.
மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு,
பதினான்கு தவணை கட்டியாயிற்று.
வடக்குப் பார்த்த வாசல், பக்கத்தில் ஒரு வேம்பு,
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
வரைந்தும் வைத்திருக்கிறேன்.
சாத்தையாவுக்குத் தெரியாது.
அல்லது தெரியும்;
டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

மறுநாள் 12/61 என்று தட்டினேன்.
கணினி சாய்கோட்டை ஏற்கவில்லை.
ஓர் எண் மட்டும் உள்ளிடவும்.

அறுபத்தொன்று என்றால்
குழாய் போதாது, தூண் வைத்த பாலம்,
நயினார் மைதீனின் சாலை இன்னொரு மழைக்காலம் தள்ளும்.
அந்த மழைக்காலத்தில் யாருக்காவது வலி எடுக்கும்.
நாற்பது மனைகள் பச்சைக்குள் போகும்.
பன்னிரண்டு என்றால் நாளைக்கே கையெழுத்து.

மதியம் வரை டீ ஆறியது.

பச்சைப் பென்சிலைச் சீவினேன்.
இருபத்து மூன்று வரை வந்தபோது
கையை எடுத்து, ஜன்னலைப் பார்த்து,
மறுபடி வைத்தேன்.
கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்துவிட்டது.

தவணைக்காரர் ஐந்தாம் தேதி அழைப்பார்.
என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
‘ஏத்தத்துல அளந்தது.’
தட்டச்சர் அதை
‘ஏற்றத்தில் அளக்கப்பட்டது’ என்று திருத்தினார்.
விட்டுவிட்டேன்.
எண் சரியாக இருந்தது.